சர்பத்தில் கரைந்த எஸ்தர்

எனக்கு வாழ்க்கைப்பட வேண்டிய பெண்ணை என்னிடமிருந்து பிரித்தவள் பெயர் எஸ்தர். அவளை நான் பார்த்ததில்லை. மதுரையில் யாருமே பார்த்ததில்லை. ஆனாலும் காஜிமார் தெருவில் என் பெயரைச் சொல்லி வீடு விசாரித்தால், "எந்தக் காதரு, எஸ்தர் காதரா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்கிறார்கள். அவள் நர்ஸு வேலை பார்த்தாள் என்பது தெருவில் பாதிப் பேரின் தீர்மானம். பள்ளிக்கூட டீச்சர் என்பது மீதிப் பேரின் தீர்மானம். உண்மையில் அவள் ஒரு தகர டப்பாவில் இருந்த வெள்ளைத் தூளில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சங்கதி. இதை நான் நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். நம்பியவர்கள் ஒரு கையில் அடங்குவார்கள்.

ஒன்றும் படிக்காதவனால் ஊருக்குக் கெடுதல் கிடையாது. முழுக்கப் படித்தவனாலும் கிடையாது. ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைப்பவனைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். நான் அந்த ரகம்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தைய கதை இது. கீழமாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். வயது இருபத்து நாலு. டாக்டர் சீட்டில் எழுதுவதைப் பார்த்து மருந்தைக் கலக்கி, பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு ஒரு பல் வீதம் அளவு தெரிய வெட்டிய காகிதத்தைப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பது என் உத்தியோகம். இதற்கு நான் போட்டுக்கொண்ட வேஷம் ஜில்லா சர்ஜனுக்குப் போதும். வெள்ளைக் கோட்டு, அதன் பையில் மை ஒழுகும் பேனா, வாயைத் திறந்தால் நாலு இங்கிலீஷ் வார்த்தை. தெருவில் போகும்போது யாராவது இருமினால் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். (அப்படி நின்றதற்கு ஒரு வண்டிக்காரரிடம் வசவு வாங்கியிருக்கிறேன். அவர் இருமவில்லை, மாட்டை விரட்டினாராம்.)

எங்களிடம் வந்த நோயாளிகளில் பிச்சை ராவுத்தர் என்று ஒருவர். வெல்ல மண்டி வைத்திருந்தார். கரும்பு ஆடுகிற மாசங்களில் வாடிப்பட்டிப் பக்கம் போய்த் தங்கி, ஆலை ஆலையாக ஏறி இறங்கி வெல்லம் பிடித்து வருவார். வாய்க்காலும் வயலுமாக இருக்கும் அந்தப் பக்கத்துக் கொசு அவருக்கு மலேரியா முறைக்காய்ச்சலைக் கொடுத்து அனுப்பியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானத் தொழுகை முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் பல் கிட்டிக்கொண்டு நடுங்குவார். மூன்று கம்பளி போர்த்தினாலும் கட்டில் ஆடும். வேர்த்து எழுந்தால் மறுநாள் மண்டிக்குப் போய்விடுவார். அதற்கு மறுநாள் மறுபடி கட்டில்.

இதற்கு மருந்து கொய்னா, அதாவது குயினைன், என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ராவுத்தர் கொய்னாவைத் தொடமாட்டார். கசப்புக்குப் பயந்த ஆள் என்று நாங்கள் சிரித்தோம். அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது, பிறகுதான் புரிந்தது. வெல்லத்தை அவர் கண்ணால் வாங்குகிறவர் இல்லை. ஒவ்வொரு ஆலையிலும் ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்து, எந்த வயல் உப்புத்தண்ணீர், எந்தக் கொப்பரை அடிப்பிடித்தது, எதில் சுண்ணாம்பு கூடிப்போனது என்று சொல்லிவிடுவார். ஒருதடவை கொய்னாவை விழுங்கப் போய் அது நாக்கிலேயே கரைந்துவிட, மூன்று நாள் எல்லா வெல்லமும் வேப்பங்கொட்டையாக இருந்ததாம். அந்த மூன்று நாளில் வாங்கிய சரக்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

அவருக்கு ஒரே மகள், மைமூன். தாய் இல்லை. ராவுத்தரின் விதவை அக்கா கதீஜாம்மாதான் வளர்த்தது. எங்கள் டிஸ்பென்சரியில் பெண்களுக்குத் தனி ஜன்னல், அதற்குப் பச்சைத் திரை. அத்தாவுக்கு மருந்து வாங்க (எங்களில் அப்பாவை அத்தா என்போம், அப்பாவின் அக்காவை மாமி என்போம்) மாமியும் மருமகளுமாக அந்தப் பக்கம் வந்து நிற்பார்கள். நான் மைமூனின் முகத்தைப் பார்த்ததில்லை. காலி பாட்டிலைத் திரைக்கு அடியில் நீட்டும் கையையும், அதோடு வரும் குரலையும்தான் தெரியும்.

ஒருநாள் அந்தக் குரல் சொன்னது: "நீங்க குடுத்த மாத்திரை அம்புட்டையும் அத்தா ரோசாச் செடித் தொட்டில போட்டுட்டாக. செடிக்கு ஒரு காச்சலும் இல்ல. அத்தாவுக்குத்தான் இன்னைக்கும் வந்துருக்கு."

எனக்கு அந்த நிமிஷமே பைத்தியம் பிடித்துவிட்டது. இதை வேறு மாதிரி நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ராவுத்தர் வீட்டுப் பாட்டிலுக்கு மட்டும் காகிதத்தில் பல் வெட்டுவதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பல்லும் ஒரே அளவாக, நகை வேலை மாதிரி இருக்கும். டாக்டர் இரண்டு தடவை என்னைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

என் அத்தா காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா, நான், ஜவுளிக்கடையில் நிற்கும் என் தம்பி கரீம். எங்களுக்கு எல்லாமாக இருந்தவர் அம்மாவுடன் பிறந்த உசேன் மாமு. அவரிடம் சொல்லி அனுப்பினேன். ராவுத்தர் வீட்டில் என்னைப் பற்றிப் பெரிதாக ஆட்சேபணை இல்லை. கதீஜாம்மா மட்டும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: சம்பந்தம் பேசுவதெல்லாம் அப்புறம், முதலில் என் தம்பிக்குக் காய்ச்சல் விடட்டும், காய்ச்சல்காரர் வீட்டில் கல்யாணப் பேச்சு வேண்டாம்.

ஆக, என் கல்யாணம் ஒரு வெல்ல வியாபாரியின் நாக்கில் வந்து நின்றது. நான் டாக்டரின் தடிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். அதில் ஒரு பக்கத்தில் கிடைத்தது கசக்காத கொய்னா. டாக்டரிடம் காட்டினேன். அவருக்கு அது தெரிந்த சரக்குதான், குழந்தைகளுக்குக் கொடுப்பார்களாம். மெட்ராஸுக்கு எழுதி வரவழைப்பதாகச் சொன்னார். கொய்னா எப்படி ஐயா கசக்காமல் போகும் என்று கேட்டேன். அவர் நல்ல மனநிலையில் இருந்தார்.

"கொய்னாவோட இன்னொரு சின்னச் சரக்கை ரசாயனத்துல ஒட்ட வெச்சுடறான். ஒட்டினதும் ஆளே மாறிடறது. தண்ணில கரையாது, நாக்குக்குத் தெரியாது. உடம்புக்குள்ள போனதும் உடம்பே அந்த ஒட்டைப் பிரிச்சு விட்டுடும். அப்புறம் கொய்னா கொய்னாவா வேலை பண்ணும். அந்த மாதிரி ஒட்டுக்கு எஸ்டர்னு பேர். தலைவலிக்குக் கொடுக்கறோமே ஆஸ்பிரின், அதுவும் இந்த வகையறாதான்."

நான் கேட்டது எஸ்தர். நம் ஊரில் எஸ்தர் என்ற பெயரில் தெருவுக்கு இரண்டு கிறிஸ்தவப் பெண்கள் உண்டு. வெள்ளைக்காரன் மருந்துக்குத் தன் வீட்டுப் பெண் பெயரை வைத்திருக்கிறான், கண்டுபிடித்தவனின் மனைவியாக இருக்கும் என்று நானாக ஒரு வரலாறும் சேர்த்துக்கொண்டேன். திருப்பிக் கேட்டுச் சரிபார்த்திருக்கலாம். வெள்ளைக் கோட்டுப் போட்டவன் திருப்பிக் கேட்கலாமா?

டப்பா வந்து சேர்ந்தது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுக் குடித்துப் பார்த்தேன். தூள் கரையாமல் மேலே மிதந்தது. நாக்கில் சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஒரு மண்வாடை, அவ்வளவுதான். கசப்பு என்ற பேச்சே இல்லை. டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். டாக்டர் அந்தச் சமயம் ஒரு மாசத்துக்கு மேல் ஊரில் இல்லை. அவர் வந்து அவர் கையால் கொடுக்கட்டும் என்று நல்ல புத்தி உள்ளவன் காத்திருப்பான். நான் ஒரு மாசம் பூட்டி வைத்திருந்ததே பெரிய பொறுமை என்று நினைத்தேன். ராவுத்தருக்குச் சொல்லி அனுப்பினேன்: உங்கள் நாக்குக்குச் சேதி தெரியாமல் மருந்து உள்ளே போகும், அதற்கு நான் ஜவாப்தாரி.

ராவுத்தருக்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. இவ்வளவு உறுதியாகப் பேசுகிற பிள்ளைக்குப் பெண் கொடுக்கலாம் என்று மாமுவை வரச் சொன்னார். மருந்தும் வாக்கும் ஒரே நாளில் இருக்கட்டும் என்றார். அது காய்ச்சல் வருகிற முறை நாள் வேறு. காலையிலேயே மருந்து உள்ளே போனால் மத்தியானம் நடுக்கம் வராது, கதீஜாம்மாவின் வாயும் அடைபடும் என்பது அவர் யோசனை.

எங்களில் வாக்குக் கொடுக்கிற நாளன்று பெண் வீட்டு வாசலை மாப்பிள்ளை மிதிப்பதில்லை. மாமு என்னை வரக்கூடாது என்று கண்டித்துச் சொன்னார்.

"நான் மாப்பிள்ளையா வரல மாமு. கம்பவுண்டரா வாரேன்" என்றேன்.

மாமு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டுல எதுவா வந்தாலும் வாயத் தொறக்காம இரு" என்றார். மனிதர் என்னைத் தெரிந்து வைத்திருந்தார்.

முனிச்சாலையில் ராவுத்தர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எட்டுப் பேர் உட்கார்ந்தோம். ராவுத்தர், அவர் பக்கத்து உறவினர் இருவர், தெருவுக்குப் பெரியவராக இருந்து ஓதிக்கொடுக்கும் ஒரு லெப்பை, எங்கள் பக்கம் மாமு, மாமுவின் சிநேகிதர், தம்பி கரீம், கோட்டுப் போட்டுக்கொண்டு நான். உள் கதவில் திரை. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம்.

வழக்கம் என்னவென்றால், இரண்டு பக்கமும் பேசி முடித்ததும் பெரியவர் குர்ஆனிலிருந்து பாத்திஹா ஓதுவார், எல்லோரும் ஒன்றாகச் சர்பத் குடிப்பார்கள். குடித்தால் வாக்கு கட்டியது. வாய் இனித்த பிறகு யாரும் பேச்சு மாறக்கூடாது.

நான் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டேன். ராவுத்தர் கையை உயர்த்தினார். அவருக்குக் கடைசி நிமிஷத்தில் வியாபாரிப் புத்தி வந்துவிட்டது. "எனக்கு மட்டும் குடுத்தா நான் எப்படி நம்புறது? எட்டுப் பேருக்கும் போடுங்க தம்பி. கொய்னா சாப்பிட்டு யாரும் செத்ததில்ல. எல்லாரும் கூடச் சேந்து குடிச்சா நானும் குடிக்கிறேன்" என்றார்.

மாமு வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். எட்டுப் பேர் முன்னால் என் வித்தையைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பம். சரியாக அதே சமயம் திரைக்கு அடியில் சர்பத் தாம்பாளம் வந்தது. நன்னாரி சர்பத், தாராளமாக எலுமிச்சம்பழம் பிழிந்தது. அதை நீட்டிய கையை எனக்குத் தெரியும். அவள் கலந்த சர்பத்தில் என் மருந்து என்று தோன்றியதும் எனக்குக் கிறுகிறுத்தது. தண்ணீர் எதற்கு, இதிலேயே போடலாமே என்றேன்.

எட்டு டம்ளரிலும் அளந்து போட்டுக் கலக்கினேன். தண்ணீரில் அன்றைக்குக் கரைய மாட்டேன் என்று மிதந்த தூள், சர்பத்தில் நொடியில் மறைந்தது. ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை. இவ்வளவு அழகாகக் கரைகிறதே என்று எல்லோருக்கும் டம்ளரைத் தூக்கி வேறு காட்டினேன். (அங்கேயே புரிந்திருக்க வேண்டும். கரையாதது திடீரென்று கரைந்தால் ஏன் என்று கேட்பவன் படித்தவன்.)

பெரியவர் ஓதினார். எல்லோரும் ஆமீன் சொன்னோம். டம்ளர்கள் உயர்ந்தன.

கொய்னா கசப்பு எப்படி என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். சர்க்கரையோடு சேர்ந்த கொய்னா இன்னும் மோசம். முதலில் இனிப்பைக் காட்டி வாயைத் திறக்க வைத்துவிட்டு, பிறகு அடித் தொண்டையைப் பிடிக்கும். ராவுத்தரின் உறவினர் ஒருவர் பாயிலேயே துப்பினார். இன்னொருவர் முற்றத்துக்கு ஓடினார். மாமுவின் சிநேகிதர் கர்ச்சீப்பில் துப்பி, அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மாமு என் கோட்டின்மேல் துப்பினார். தெரிந்தே செய்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பெரியவர் எச்சில் படிக்கத்தைத் தேடிக் கையை ஆட்டினார். நான் மானத்துக்குப் பயந்து ஒரு மடக்கு முழுங்கினேன், அடுத்த மடக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது.

ராவுத்தர் துப்பினார், கொப்பளித்தார், மறுபடி துப்பினார். பிறகு நாக்கை வெளியே நீட்டி விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கோபம்கூட இல்லை, பயம். மறுநாள் அவர் வாடிப்பட்டிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

கரீம் மட்டும் காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

பெரியவருக்குப் பேச்சு திரும்பியதும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். ஓதியாகிவிட்டது, குடித்ததாகக் கணக்கா, துப்பியதாகக் கணக்கா? நான் அவசரமாக, நான் முழுங்கினேன் என்றேன். "மூக்கு வழியா வந்தது சேராது தம்பி" என்றார். "இந்தச் சபையில ஒழுங்கா முழுங்குனது உங்க சின்னவரு ஒருத்தருதான்."

ராவுத்தர் என் பக்கம் திரும்பி, என்ன கலந்தாய் என்று கேட்டார். இங்கே நான் மாமு சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் கசப்போடு போயிருக்கும். ஒரு மாசம் கழித்து மறந்திருப்பார்கள். ஆனால் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தப்பு என்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

"கொய்னாதான் மாமா. கசக்கவே கூடாது. எஸ்தர் கூட இருக்கிற வரைக்கும் கசக்காது. எஸ்தர் பிரிஞ்சிருச்சு போல."

எங்கள் பக்கப் பேச்சு எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மைமூன் வந்துச்சு, மைமூன் போச்சு என்றுதான் பெண்பிள்ளைகளைச் சொல்வோம். மருந்தும் வந்துச்சு, போச்சுதான். எஸ்தர் பிரிஞ்சிருச்சு என்றால் அது சரக்கா பெண்ணா என்று கேட்கிறவர்தான் முடிவு பண்ணிக்கொள்ள வேண்டும்.

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. கதீஜாம்மாவின் குரல் வந்தது. "யாரு எஸ்தரு?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விஞ்ஞானக் கேள்வி வந்ததில் எனக்கு உற்சாகம். திரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். "அது எப்பவும் கூடவே ஒட்டிக்கிட்டு இருக்கும் மாமி. வெளிய பாக்கிறவுகளுக்குத் தெரியாது. உள்ள வந்த பெறகு தானா விலகிப் போயிரும். அதுனால யாருக்கும் ஒரு கெடுதியும் இல்ல."

"எம்புட்டு நாளா?"

"ஒரு மாசமா எங்கிட்டத்தான் இருக்கு. பூட்டி வச்சிருக்கேன்."

"இது உங்க டாக்டருக்குத் தெரியுமா?"

"அவருதான மாமி மெட்ராஸுல இருந்து வரவழைச்சுக் குடுத்தாரு."

மாமு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுகிறார் என்று நினைத்தேன். திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. யாரோ உள்ளே நடந்து போகிற காலடி கேட்டது, வேகமாக. ராவுத்தர் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டிருந்ததால் பேச முடியாமல், வாசலை மட்டும் கையால் காட்டினார்.

நான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று திரும்பும் வழியில் விளக்குத்தூண் வருவதற்குள் மாமு எனக்கு விளக்கினார். அதில் பாதி வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நான் திரும்பி ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். என் கோட்டுக் காலரைப் பிடித்து, "இன்னொரு தடவ நீ விளக்கம் சொல்லப் போனா எஸ்தருக்குப் பிள்ளையும் பொறந்துரும்" என்றார்.

டாக்டர் ஊரிலிருந்து வந்ததும் அவர் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். அவர் புத்தகத்தை எடுத்து நான் படித்த பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தின் தலையிலேயே இருந்தது: புளிப்பான எதனுடனும் இதைக் கொடுக்கக் கூடாது. ஒட்டு பிரியவில்லையடா என்றார். புளிப்புப் பட்டால் அந்தத் தூள் அப்படியே கரைந்துவிடும், கரைந்தால் நாக்குக்குத் தெரிந்துவிடும். பிரிவதெல்லாம் உடம்புக்குள்ளே நிதானமாக நடக்கிற வேலையாம். அதாவது எஸ்தர் எங்கேயும் போகவில்லை. எட்டுப் பேர் முன்னால் நான் பழி போட்ட அந்த ஒரு பிராணியும் குற்றமற்றது.

டாக்டர் நல்லவர். தானே ராவுத்தர் வீட்டுக்குப் போனார். தூளைப் பாலில் கலந்து கொடுத்தார். ராவுத்தர் எப்படிக் குடித்தாரோ, குடித்தார். கசக்கவில்லை. பத்து நாளில் காய்ச்சல் விட்டது, நாக்கும் பிழைத்தது. நான் ஜவாப்தாரி என்று சொன்னேனே, அது ஒவ்வொரு வார்த்தையும் பலித்தது, நான் இல்லாமல். எஸ்டர் என்பது ஒரு ரசாயனப் பெயர் என்று டாக்டர் திரைக்கு இந்தப் பக்கம் நின்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். கதீஜாம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, வரவழைத்துக் கொடுத்தவர் வேறு எப்படிச் சொல்வார் என்றாராம். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ராவுத்தரிடமிருந்து மாமுவுக்கு ஆள் வந்தது. ஓதின சர்பத் வீணாகக் கூடாது, வாக்கு வாக்குத்தான், அதை முழுங்கினவர் உங்கள் சின்னவர், அத்தனை கசப்பையும் சபைக்கு மரியாதை கொடுத்து முகம் சுளிக்காமல் குடித்த பிள்ளைக்கு என் மகளைத் தருகிறேன். மைமூனிடம் கேட்டார்களாம். மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் தலையை ஆட்டினாளாம்.

மாமு சரி என்றார். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, எப்படியும் நம்ம வீட்டுக்குத்தானே வருது என்று சமாதானம் சொன்னார். எனக்குப் பெற்ற தாயை அறைய வேண்டும் போல இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குச் சர்பத் ஊற்றிக் கொடுக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, நான் மூத்தவன், வேறு யார் செய்வது? ஒவ்வொருத்தரும் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்கள். பிறகு நான் கொல்லைப்புறம் போய் அழுதேன்.

(என் தம்பி வீட்டில் யாராவது இதைப் படித்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகவும்.) கரீம் எனக்கு மட்டும் ஒருநாள் சொன்னான். அன்று காலையில் அவன் வெற்றிலையில் சுண்ணாம்பைக் கூடுதலாகத் தடவிப் போட்டு, வாய் முழுக்க வெந்துபோயிருந்தது. சர்பத்தா, கசப்பா, வெந்நீரா என்று அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் ஏன் துப்புகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தானாம். அந்தப் பொறுமைக்காகத்தான் அவனுக்குப் பெண் கிடைத்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் நல்லவன், அவளை நன்றாகவே வைத்துக்கொண்டான். அதனால் அவனை வெறுக்கவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

எனக்கும் இரண்டு வருஷம் கழித்து விளாங்குடியில் பெண் பார்த்தார்கள். வந்த முதல் வாரத்தில் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, அந்த எஸ்தர் இப்போது எங்கே இருக்கிறாள் என்பது. உட்காரவைத்துப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் படித்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி, இனிமேல் போகாமல் இருந்தால் போதும் என்றாள்.

எங்கள் வீட்டில் எது கசந்தாலும் அதற்கு எஸ்தர் என்று பெயராகிவிட்டது. பாகற்காய்க் கறி எஸ்தர். பால் குறைந்த காப்பி எஸ்தர். வெள்ளரிக்காய் கசந்தால், "மச்சான், உங்க ஆளு வந்துருக்கு" என்று ஒரு குரல் வரும். அது மைமூனின் குரல். அந்தக் கதையைச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. திரைக்குப் பின்னால் நின்று கேட்டவள் அல்லவா? என் குரல், மாமி குரல், மூக்கு வழியாக வந்த சர்பத், எல்லாம் செய்து காட்டுவாள். பெருநாள் தவறாமல் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து சொல்லச் சொல்வார்கள். நாற்பது வருஷம் நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து சிரித்தேன். முதல் பத்து வருஷம் சிரிக்கப் பழகுவதற்கே சரியாகப் போயிற்று.

போன நோன்புப் பெருநாளைக்கு என் பேரன் வந்திருந்தான். காலேஜில் ரசாயனம் படிக்கிறவன், தாத்தா பாட்டியை எங்கள் வழக்கப்படி நன்னா, நன்னி என்பான். மைமூன் கதையை முடித்ததும், "எஸ்டர்னு நெசமாவே இருக்கு சின்ன நன்னி. எங்க பாடத்துல இருக்கு. மருந்தோட ஒட்டி வைப்பாங்க, உடம்புக்குள்ள போய்ப் பிரியும். நன்னா சொன்னது அம்புட்டும் சரி" என்றான். எல்லோரும் அதற்கும் சிரித்துவிட்டுச் சாப்பிட எழுந்து போனார்கள். கரீம் பள்ளிவாசலுக்குக் கிளம்பினான்.

மைமூன் எழுந்திருக்கவில்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது.

"அப்ப மெய்யாவே பொம்பள யாரும் இல்லையா மச்சான்?"

"இல்லம்மா. மருந்துதான். அன்னைல இருந்து அதத்தானே சொல்றேன்."

அவள் முந்தானை நுனியை மடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பொம்பள இருக்குன்னு நெனச்சுத்தான் மச்சான் நான் உங்க தம்பிக்குத் தலைய ஆட்டுனேன்."

இப்போதும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவள், அவுகளையே கேளுங்க என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நான் சொல்கிறேன். எனக்கு அவள் அளவுக்கு வராது, ஆனாலும் எல்லோரும் சிரிக்கிறார்கள். அடுப்படியிலிருந்து மட்டும் சத்தமே வருவதில்லை.